ரகசியம் காப்பவரின் ரகசியம்: அமைச்சரவைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சரவைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அதில் 11 ஆண்டுகள் மந்தணக் (ரகசியக்) கோப்புகள் வைக்கும் அறையின் சாவி என் பொறுப்பில் இருந்தது. நாட்டின் ரகசியங்களைக் கையாளும் அதிகாரி சொந்த வாழ்க்கைச் சறுக்கலால் அந்நியர் கைக்குள் சிக்குவதைப் பற்றியது இந்தக் கடிதம். இதை நான் 20 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அன்று எழுதாமல் போனதற்கான காரணத்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 மே 3 அன்று புனேயில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றின் இயக்குநர் பிரதீப் குருல்கர் கைதானார். ஏவுகணைகளைச் செலுத்தும் மேடைகளை வடிவமைப்பதில் பெயர் பெற்ற மூத்த விஞ்ஞானி. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. இங்கிலாந்தில் மென்பொருள் பொறியாளராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு 'ஸாரா தாஸ்குப்தா' என்ற பெயரில் ஒருவர் அவரோடு வாட்ஸ்அப்பில் பழகினார், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது பாகிஸ்தான் உளவுத்துறை என்கிறது மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படையின் குற்றப்பத்திரிகை. அது 1,800 பக்கங்களுக்கு மேல். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அவரைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையிலிருந்து பத்திரிகைகளில் வந்த ஒரு சிறு தகவல் என் தூக்கத்தைக் கெடுத்தது. 2023 பிப்ரவரியில், தன் மீது அலுவலக விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்னால், அவர் அந்த 'ஸாரா'வின் எண்ணைத் தடுத்துவிட்டாராம். சில நாட்களில் முன்பின் தெரியாத ஓர் இந்திய எண்ணிலிருந்து செய்தி வந்திருக்கிறது: என் எண்ணை ஏன் தடுத்துவிட்டீர்கள் என்று.

அந்த ஒரு வரி வந்து சேர்ந்தபோது ஒரு மனிதருக்கு அடிவயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. யாருடைய எண்ணோ உள்நாட்டிலேயே அவர்களிடம் இருக்கிறது. தான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவர்களிடம் இருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் ஓர் உயர் அதிகாரி யாரிடம் போய்ச் சொல்வார்? கீழே இருப்பவர்களிடம் சொல்ல முடியாது. மேலே சொன்னால் அன்றோடு உத்தியோகம், ஓய்வூதியம், மானம் எல்லாம் போயிற்று. வீட்டில் சொல்ல வாயே வராது. சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் எதிரிக்கு லாபம். ஐயா, சறுக்கிய அதிகாரி ஒருவர் முதல் வாரத்திலேயே வந்து உண்மையைச் சொல்வதற்கு நம் அரசில் எந்தக் கதவு திறந்திருக்கிறது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்பது வேண்டாம்.

எங்களுக்கு ஓர் அதிகாரி வந்தார். கெட்டிக்காரர். வரைவுக் குறிப்பை ஒரு முறை படித்தாலே எந்த வரியில் ஓட்டை என்று விரல் வைத்துக் காட்டுவார். கடைநிலை ஊழியரின் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர். அவரைத் திட்டி ஒருவர்கூடப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டில், எங்களுக்குக் கருவிகள் வழங்க முயன்றுகொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக அறிமுகமான ஒரு பெண்ணோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. எங்கள் அதிகாரி திருமணமானவர். அந்தப் பழக்கம் ரகசியமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். காரோட்டிக்குத் தெரியும். டெலிபோன் ஆபரேட்டருக்குத் தெரியும். வாசலில் நிற்கும் டபேதாருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் வண்டியின் லாக் புக் என் மேசைக்கு வரும். சனிக்கிழமைகளில் கடற்கரைச் சாலை விருந்தினர் விடுதிக்குப் போய்வந்த தூரம் 'அலுவல் பணி' என்று எழுதப்பட்டிருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். மாதா மாதம் போட்டேன்.

அந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் முதலில் சீட்டுக் கொடுத்து வெளியே பெஞ்சில் காத்திருப்பார். சில மாதங்களில் சீட்டு நின்றது. பிறகு கதவைத் தட்டுவதும் நின்றது. நேரே உள்ளே போவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரைப் பார்த்ததும் எங்கள் அதிகாரியின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிடிக்காத ஒருவரைப் பார்க்கும் முகம் அது. இருந்தும் எழுந்து நின்று வரவேற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மந்தணக் கோப்பு ஒன்றை வீட்டுக்குக் கேட்டு அனுப்பினார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பதிவேட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். கோப்பின் நாடாவை நான் எப்போதும் இடது பக்கமாக இரண்டு சுற்று சுற்றி முடிவது வழக்கம், என் முதல் பிரிவு அலுவலர் கற்றுக்கொடுத்த முடிச்சு. திங்கட்கிழமை திரும்பி வந்தபோது வலது பக்கம் ஒற்றை முடிச்சாக இருந்தது. அவரே பிரித்துக் கட்டியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவு மூன்று பக்கம் எழுதினேன். பெயர் போட்டால் அடுத்த மாதம் எந்த மூலைக்கு மாற்றல் வரும் என்று யோசித்தேன். பெயர் போடாமல் அனுப்பினால் அது மொட்டைக் கடிதம், மொட்டைக் கடிதத்தின் மீது நடவடிக்கை கூடாது என்பது விதி. என் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏதாவது வெளியே போனதா என்பது எனக்குத் தெரியாது. அவர் மாற்றலாகிப் போனபோது மாலை போட்டு வழியனுப்பினோம். சில ஆண்டுகளில் காலமாகிவிட்டார். அந்த முடிச்சு மட்டும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாருடைய படுக்கையறைக்கும் காவல் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2018 செப்டம்பரில் தன்பால் உறவும் குற்றமில்லை, திருமணம் தாண்டிய உறவும் தண்டனைக்குரிய குற்றமில்லை என்று இரண்டு தீர்ப்புகள் வந்தன. திருமணம் தாண்டிய உறவுக்காக ராணுவத்தினர் மீது துறை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்பதை மட்டும் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தினார்கள். இந்தத் தீர்ப்புகளை நான் மனமார வரவேற்பவன். நாட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் கண்ணோடும் அவை நல்ல தீர்ப்புகளே. ஏன் என்பதற்கு ஜான் வாசல் என்ற ஆங்கிலேயக் குமாஸ்தாவின் கதை போதும்.

வாசல் 1954-இல் மாஸ்கோவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் கடற்படைப் பிரிவுக்கு எழுத்தராகப் போனார். தனியாள், நண்பர்கள் இல்லை. தன்பால் ஈர்ப்பு உடையவர். அதைக் கண்டுகொண்ட சோவியத் உளவுத்துறை ஒரு விருந்துக்கு அழைத்து, குடிக்க வைத்து, படமெடுத்தது. பிறகு படங்களை அவர் முன்னால் பரப்பியது. அந்த நாளில் அவர் நாட்டில் அந்த உறவு சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தூதரிடம் போய் உண்மையைச் சொன்னாலும் சிறை, சொல்லாமல் சோவியத்துக்கு வேலை செய்தால் சம்பளம். அவர் சொல்லவில்லை. லண்டன் திரும்பிக் கடற்படைத் தலைமையகத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைப் படமெடுத்துக் கொடுத்தார். 1962-இல் பிடிபட்டார், 18 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அந்தப் படங்களுக்கு அவ்வளவு விலையைக் கொடுத்தது மாஸ்கோ இல்லை, பிரிட்டனின் சொந்தச் சட்டம். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் மாறியது 1967-இல்தான். அமெரிக்காவும் இதே தவறை வேறு விதமாகச் செய்தது. 1953-இல் ஜனாதிபதி ஐசனோவர் போட்ட ஆணையின் கீழ் தன்பால் ஈர்ப்புடைய ஆயிரக்கணக்கானவர்கள் பாதுகாப்பின் பெயரால் வேலையிழந்தார்கள். எஞ்சியவர்கள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டார்கள்.

வாசல் பிடிபட்ட அடுத்த ஆண்டே அதே லண்டனில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ விவகாரம். கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணோடு அமைச்சருக்குப் பழக்கம், சோவியத் கடற்படை அதிகாரி இவானோவுக்கும் அதே பெண்ணோடு பழக்கம். விசாரித்த டென்னிங் பிரபு ரகசியம் கசிந்ததாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1963 மார்ச் 22 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தவறேதும் நடக்கவில்லை என்று அமைச்சர் பொய் சொன்னார். ஜூன் 5 அன்று பதவி விலகும் வரை, அது பொய் என்று அறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கடிவாளம் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தங்கள் செயலகத்தின் கீழ் வரும் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் சென்னைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த உன்னிகிருஷ்ணன் 1987-இல் கைது செய்யப்பட்டார். இலங்கைத் தமிழ் இயக்கங்களோடு இந்தியா பேசிக்கொண்டிருந்த காலம் அது. இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது அதே ஆண்டு ஜூலை 29 அன்று. ஒரு விமானப் பணிப்பெண்ணை முன்வைத்து அமெரிக்க உளவு அமைப்பு அவரை வலையில் வீழ்த்தியது என்று அன்றிலிருந்து எழுதப்பட்டு வருகிறது. அந்தக் கோப்பில் உள்ளதை நாடு இன்று வரை முழுமையாகப் பார்த்ததில்லை. கடலின் இரு கரையிலும் எத்தனையோ தமிழ் உயிர்கள் யார் எதைப் பேசினார்கள், யாருக்கு எது தெரிந்தது என்பதைச் சார்ந்து நின்ற மாதங்கள் அவை. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னும் அந்த விசாரணையிலிருந்து கற்ற பாடத்தையாவது வெளியிடலாகாதா?

கோர்ஷ்கோவ் கப்பலை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனை. இன்று 'ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா' என்று நாம் பெருமைப்படும் விமானந்தாங்கிக் கப்பல். 2004-இல் 97.4 கோடி டாலர் என்று பேசியது, 2010-இல் 235 கோடி டாலரில் போய் நின்றது. ரஷ்யாவில் அதன் சீரமைப்பை மேற்பார்த்த நம் கடற்படை அதிகாரி ஒருவர் ஒரு ரஷ்யப் பெண்ணோடு இருந்த படங்கள் 2010-இல் வெளிவந்தன. மறு ஆண்டு அவர் நீக்கப்பட்டார். விலை உயர்வுக்கும் அந்த உறவுக்கும் தொடர்பு இருந்ததாக நிறுவப்படவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தது 2005 முதல் 2007 வரை. படங்கள் வெளிவந்தது 2010-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவை யாருடைய மேசை அறைக்குள் இருந்தன? நீக்கல் உத்தரவு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒரு மனிதரின் ஒழுக்கக் கேட்டைத் தண்டித்ததோடு கோப்பு மூடப்படுகிறது. படமெடுத்த கையை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை.

மேலே போகப் போகக் கண்காணிப்பு குறைகிறது என்பது என் அனுபவம். 2019 டிசம்பரில் போலி முகநூல் கணக்குகளின் வலையில் விழுந்ததாக மாலுமிகள் 7 பேர் கைதானார்கள். உடனே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கே தடை வந்தது. சரியான நடவடிக்கைதான். ஆனால் ஆய்வகத்தின் இயக்குநர் கையிலிருந்த போனை யார் கேட்டார்கள்? எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் எழுத்தருக்குக் காவல் நிலையச் சரிபார்ப்பு ஆறு மாதம் நடக்கும். 25 ஆண்டு பணி முடித்து எல்லா ரகசியமும் கைக்கு வந்த பிறகு அந்த மனிதர் எப்படி மாறியிருக்கிறார் என்று பார்ப்பார் இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் 'நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. இயக்குநர் டேவிட் பெட்ரேயஸ் 2012 நவம்பரில் பதவி விலகினார். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பெண்ணோடு உறவில் இருந்தவர், மறைமுக அதிகாரிகளின் அடையாளங்களும் போர்த் திட்டங்களும் எழுதியிருந்த எட்டுக் குறிப்பேடுகளை அவரிடமே கொடுத்திருந்தார். விசாரணையில் கொடுக்கவில்லை என்றார். கடைசியில் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஒரு லட்சம் டாலர் அபராதமும். ஒரு சிப்பாய் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் தொழில் நடத்திய லெனார்ட் கிளென் பிரான்சிஸின் விவகாரத்தைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குத் துறைமுகங்களில் உணவும் எரிபொருளும் வழங்கிய ஒப்பந்தக்காரர். விருந்து, விடுதி அறை, பெண்கள் என்று அதிகாரிகளுக்குக் கொடுத்தார். பதிலுக்குக் கப்பல்கள் எப்போது எங்கே போகும் என்ற ரகசிய அட்டவணைகளைப் பெற்றார், தனக்கு லாபமான துறைமுகங்களுக்கு அவற்றைத் திருப்பவும் வைத்தார். அவரைப் பற்றி நடந்த விசாரணையின் கோப்புகளையே அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் கடற்படையின் குற்றப் புலனாய்வு அதிகாரி ஒருவர். அவரையும் அதே வழியில் விலைக்கு வாங்கியிருந்தார்கள். 2013-இல் விவகாரம் வெடித்தபோது கடற்படை உளவுப் பிரிவின் தலைவரே விசாரணை வளையத்துக்குள் வந்தார். அவர் மீது பின்னர் குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் ரகசியம் பார்க்கும் அனுமதி நிறுத்தப்பட்ட நிலையிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் உளவுப் பிரிவுத் தலைவர் நாற்காலியில் இருந்தார். உலகின் மிக வலிமையான கடற்படையின் உளவுத் தலைவர் தன் அறையில் ஒரு ரகசியக் காகிதத்தைக்கூடப் படிக்க முடியாமல் இருந்தார். சீட்டுக் கொடுக்காமல் உள்ளே போன அந்த ஆளின் முகம் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேளிக்கை என்றும் சபலம் என்றும் நாம் பேசுவதில் பாதிக்கு, அந்த அதிகாரியின் கீழ் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மீது நடக்கும் வன்முறை என்பதே சரியான பெயர். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பான சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் மீது ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸ் படையோடு அவர் காரை மறித்தது ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்தச் சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறை விதித்தது, மறித்தவரும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஒரு தனி மனிதரின் குற்றத்தை மூட மாநிலத்தின் காவல் படையே சாலைக்கு வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள அவ்வளவு தூரம் போகும் ஒருவரிடம் நாளை ஓர் அந்நியன் ஆதாரத்தோடு வந்து நின்றால் அவர் எதைத்தான் கொடுக்க மாட்டார்?

என் வேண்டுகோளை இப்போது சொல்கிறேன். ரகசியம் கையாளும் ஒவ்வொரு துறைக்கும் வெளியே, அந்தத் துறையின் பதவி உயர்வோடும் மாற்றலோடும் சம்பந்தமில்லாத ஓர் அலுவலரை நியமியுங்கள். தன்னை யாரோ வளைக்கப் பார்க்கிறார்கள் என்று உணரும் அதிகாரி, ஆணோ பெண்ணோ, அவரிடம் போய்ச் சொல்லட்டும். தாமாக, காலத்தோடு வந்து முழு உண்மையும் சொல்பவரின் சொந்த வாழ்க்கை அந்த அறையைத் தாண்டாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். உறவுக்காக அவரைத் தண்டிக்காதீர்கள். ரகசியப் பொறுப்பிலிருந்து சில காலம் நகர்த்தி வையுங்கள், வலை விரித்தவனைப் பிடிக்க அவரையே துணைக்கு அழையுங்கள். ஒளித்தார் என்று தெரிந்தால் பிறகு தயவு வேண்டாம், பதவி எவ்வளவு உயரமானாலும். இந்தச் சலுகை கீழே பணிபுரியும் பெண்ணை வற்புறுத்தியவருக்கு ஒருபோதும் பொருந்தக் கூடாது. அவர் போக வேண்டிய இடம் நீதிமன்றம்.

சரிபார்ப்பு பணியில் சேரும் நாளோடு நிற்காமல் ஓய்வு நாள் வரை நடக்கட்டும், செயலாளர் நிலையிலிருந்து தொடங்கட்டும். தாங்களே முதல் ஆளாக அந்தப் படிவத்தை நிரப்பினால் கீழே ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

பார்த்தவர்கள் பேசவும் வழி வேண்டும். முறைகேட்டை வெளிச்சமிடுவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. அதன் கீழும் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க முடியாது. மொட்டைக் கடிதங்களில் பெரும்பாலானவை பொறாமையில் எழுதப்படுகின்றன என்பதை நான் அறிவேன், நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். ஆனாலும் நாள், வண்டி எண், கோப்பு எண் என்று சரிபார்க்கத்தக்க விவரத்தோடு வருவதையாவது ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். காரோட்டியும் டபேதாரும் டெலிபோன் ஆபரேட்டரும் அறிந்திருந்ததை அரசு மட்டும் அறியாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த லாக் புக்கில் கையெழுத்திட்டவன் நான். அதற்காக என் ஓய்வூதியத்தில் கை வைக்க வேண்டுமென்றால் வையுங்கள், நான் மறுக்க மாட்டேன். இந்த மடலில் எழுதாமல் விட்ட பெயர்களையும் தேதிகளையும் தாங்கள் அனுப்பும் அலுவலர் ஒருவரிடம் நேரில் சொல்லத் தயாராக இருக்கிறேன். டில்லிக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். முழங்கால் வலி உண்டு, ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்,
சென்னை.